ஈடு வைத்த உடல்: ‘ஹார்வெஸ்ற்’ நாடகம் குறித்துச் சில கருத்துக்கள்

மனித உறுப்புக்களை விலைக்கு வாங்குவதும் விற்பதும் முறையாகுமா என்ற வினா, மருத்துவ அறம் பற்றிப் பேசுவோரிடையே பல்லாண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருவதொன்றாகும். விவாதம் பெரும்பாலும் ஒரே அமைப்பில் நிகழ்கின்றது. ஒருபுறம் சிறுநீரகங்கள் செயலிழந்து இறந்துகொண்டிருக்கும் நோயாளி. மறுபுறம் வறுமையால் நலிந்த, ஆயின் இரு சிறுநீரகங்களும் பழுதின்றி இயங்கும் ஏழை. முன்னவரிடம் பணம் உண்டு. பின்னவரிடம் உறுப்பு உண்டு. இருவரும் மனமொத்து ஒப்பந்தஞ் செய்துகொண்டால் இருவர்க்கும் நன்மைதானே, இடையே நின்று தடுப்பதற்குச் சட்டத்துக்கு என்ன உரிமை என்று கேட்போர் உளர். இலண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செற்’ மருத்துவ இதழில் ஜனற் ராட்கிளிஃப் றிச்சட்ஸ் என்னும் மெய்யியலாளரும் வேறு சிலரும் 1998இல் எழுதிய கட்டுரை இவ்வாதத்தைத் திறம்பட முன்வைத்தது. வறியவன் முன்னுள்ள வழிகள் யாவும் தீயன. அவற்றுள் தீமை குறைந்ததென அவன் தெரிந்தெடுக்கும் ஒரு வழியையும் அடைத்துவிட்டு, அவனைக் காப்பாற்றிவிட்டதாக நாம் மகிழ்வது போலித்தனம் என்பதே அவ்வாதத்தின் சாரம்.

இதனை எள்ளி நகையாடி ஒதுக்கிவிடுதல் எளிதன்று. எம்மைச் சார்ந்தோருள் பலர் ‘சுரண்டல்’ என்னும் சொல்லை உரக்கக் கூறிவிட்டு, விடை கூறிவிட்டதாக அமைதி அடைகின்றனர். சொல் சரியானதே. ஆயினும் சொல் விடையாகாது. விற்பவன் எவ்வாறு சுரண்டப்படுகின்றான், அவன் கையெழுத்திடுகையில் உண்மையில் நிகழ்வது யாது என்பனவற்றை நுணுகிக் காட்டுதல் வேண்டும். இவ்விடத்தில் அறநூல்களைக் காட்டிலும் இலக்கியம் எமக்குக் கூடுதலாக உதவக்கூடும் என்று கருதுகின்றோம். மஞ்சுளா பத்மநாபன் ஆங்கிலத்தில் எழுதிய, ‘அறுவடை’ எனப் பொருள்படும் ‘ஹார்வெஸ்ற்’ என்னும் நாடகத்தை இக்கண்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கிரேக்க நாட்டின் ஒனாசிஸ் நிறுவனம் நடத்திய அனைத்துலக நாடகப் போட்டியில் 1997இல் முதற் பரிசு பெற்ற நாடகம் இது. 1999இல் ஏதென்ஸ் நகரில் மேடையேறிற்று. 2001இல் கோவிந்த் நிஹலானி இதனைத் தழுவி ‘தேஹம்’ என்ற திரைப்படத்தை ஆக்கினார்.

நாடகம், அது எழுதப்பட்டபோது எதிர்காலமாயிருந்த 2010ஆம் ஆண்டில், பம்பாயில், ஓர் ஒற்றை அறைக் குடியிருப்பிலே நிகழ்கின்றது. வேலை இழந்த இளம் எழுதுவினைஞனான ஓம், அவன் மனைவி ஜயா, அவனுடைய தாய், தம்பி ஜீத்து ஆகிய நால்வரே அக்குடும்பத்தினர். ஓம் புதியதொரு ‘வேலை’ பெற்று வீடு திரும்புகின்றான். இன்ரர்பிளான்ரா என்னும் கம்பனிக்குத் தன் உடலை ஒப்புக்கொடுத்திருப்பதே அவ்வேலை. கடல் கடந்த நாட்டிலுள்ள செல்வர் ஒருவருக்கு எப்போது எவ்வுறுப்புத் தேவைப்படினும் அவன் அதனை அளித்தல் வேண்டும். பிரதியுபகாரமாக வீட்டிலே வசதிகள் பெருகுகின்றன. கம்பனியின் காவலர் வந்து பழைய அடுப்பையும் பாத்திரத்தையும் அகற்றிவிட்டு, வண்ண வண்ண வில்லைகளை உணவாக வைக்கின்றனர். அயல் வீட்டாருடன் பொதுவாயிருந்த மலசலகூடத்துக்குப் பதிலாக வீட்டுக்குள்ளேயே ஒன்று அமைக்கப்படுகின்றது. கூரையிலிருந்து ஓர் உருண்டை தொங்குகின்றது. அதன் வழியே ஜின்னி என்னும் அழகிய வெள்ளைக்காரப் பெண் நினைத்த நேரமெல்லாம் தோன்றி, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கடிந்து கொள்கின்றாள், சிரிக்கும்படி பணிக்கின்றாள், உடம்பைப் பேணும்படி கெஞ்சுகின்றாள்.

நாடகாசிரியரின் கூர்மை பெரிய அதிர்ச்சிகளிலே அன்றி, சிறிய விவரங்களிலேயே புலப்படுகின்றது என்பது எமது கருத்து. கம்பனி மணமானவர்களை ஏற்பதில்லை. ஆகவே ஓமும் ஜயாவும் தாம் உடன்பிறந்தார் எனப் பொய் கூறுகின்றனர். உறுப்பொன்றும் வெட்டப்படுவதற்கு முன்னரே, ஒப்பந்தத் தாள் ஓர் உறவை வெட்டிவிட்டது! இதனை வெறும் நாடகக் கற்பனை எனக் கொள்ளற்க. இந்தியாவிலே 1994இல் இயற்றப்பட்ட மனித உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்பு விற்பனையைத் தடைசெய்தது. நெருங்கிய உறவினர் அல்லாதோர், பெறுபவர் மீதுள்ள அன்பின் காரணமாகவோ பற்றின் காரணமாகவோ உறுப்பளிக்க விரும்பினால், அதற்கென நியமிக்கப்பட்ட குழுவின் அனுமதியைப் பெறலாம் என அதே சட்டம் ஒரு வாயிலைத் திறந்தும் வைத்தது. விளைவு யாது? முன்பின் அறியாத வேலைக்காரிக்கு எசமானர் மீதும், கூலியாளுக்கு முதலாளி மீதும் திடீரென அன்பு பெருக்கெடுத்தது. தரகர்கள் அன்புக்குச் சான்றிதழ் தயாரித்தனர். நாடகத்திலே கணவனும் மனைவியும் உறவை மறைக்கின்றனர். நடைமுறையிலே அந்நியர் இருவர் உறவைப் புனைகின்றனர். இரண்டிலும் சந்தையின் தேவைக்கு ஏற்ப உறவு எழுதப்படுகின்றது என்பதே உண்மை.

அடுத்து நோக்கற்பாலது ‘சம்மதம்’ பற்றிய நாடகத்தின் பார்வை. ஓம் தானே விரும்பிச் சென்றவன். எவரும் அவனைக் கட்டி இழுத்துச் செல்லவில்லை. றிச்சட்ஸ் முதலியோர் விரும்பும் அதே சுதந்திர மனிதன் அவன். ஆயினும் கையெழுத்து அவனுடையது மாத்திரமே; பயனும் பாதகமும் வீட்டார் அனைவருக்கும் உரியன. தாய் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து மகனை மறக்கின்றாள். ஈற்றில் உணவும் காற்றும் காட்சியும் உள்ளேயே கிடைக்கும் ஒரு பெட்டிக்குள் தன்னைப் பூட்டிக்கொள்ளவும் செய்கின்றாள். தாய்மையைத் தெய்வமாக்கிய எமது நாடக மரபில் இத்தகையதொரு தாயை நாம் காண்பதரிது. கண்டால் பொறுப்பதும் அரிது. உறுப்பை எடுக்க ஆட்கள் வரும் நாளில் ஓம் அச்சத்தால் ஒளிந்து கொள்கின்றான். காவலர் நோயுற்று வீடு திரும்பியிருந்த தம்பி ஜீத்துவைப் பிடித்துச் செல்கின்றனர். அவன் கண்களை இழந்து திரும்புகின்றான். ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட பெயர் வேறு, மேசையிற் கிடத்தப்பட்ட உடல் வேறு. கம்பனிக்கு அதனால் நட்டமில்லை. ‘தனிமனிதனின் உடல் தனிமனிதனின் சொத்து’ என்ற தத்துவம், ஏழை வீட்டின் வாசற்படியைத் தாண்டும்போது என்னவாகின்றது என்பதை இதனினும் சிக்கனமாகக் காட்டுதல் இயலாது.

இவ்வளவும் பாராட்டுக்குரியன. ஆயின் நாடகத்தின் அடிப்படையிலே ஒரு பிழை உள்ளதென்பதை நாம் கூறாதிருத்தல் தகாது. அப்பிழையை விளங்கிக்கொள்ளப் பம்பாயிலிருந்து சென்னைக்குச் செல்லவேண்டியுள்ளது.

சிறுநீரகம் மாற்றிப் பொருத்தும் சத்திரசிகிச்சை 1954இல் பொஸ்ரன் நகரில் முதன்முதலாக வெற்றி கண்டபோது, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரு சூல் இரட்டையர். அந்நிய உறுப்பை உடல் ஏற்க மறுக்கும் இயல்பினதாதலின், நெருங்கிய இரத்த உறவுக்கு அப்பால் அக்காலத்தில் வெற்றி காண்பது கடினமாயிருந்தது. சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து 1980களின் முற்பகுதியிற் பரவலான பின்னரே அந்நியனின் சிறுநீரகம் எளிதிற் பயன்படக் கூடியதாயிற்று. உறவினன் ஒருவனிடம் கேட்டுப் பெறவேண்டியது, யாரோ ஒருவனிடம் வாங்கக் கூடியதாயிற்று. சந்தையைத் தோற்றுவித்தது பேராசை மாத்திரமன்று, மருந்தும் ஆகும். பின்வந்த ஆண்டுகளில் வட சென்னையின் வில்லிவாக்கம் பகுதியிலே தறித் தொழிலாளரும் கூலியாட்களும் பெருந்தொகையாகச் சிறுநீரகம் விற்றமையால், ஊரின் பெயரே ‘கிட்னிவாக்கம்’ எனப் பரிகாசமாக வழங்கலாயிற்று. சட்டம் வந்த பின்னரும் விற்பனை ஓயவில்லை. 2004 டிசம்பரிற் கடற்கோளால் வீடிழந்து, எண்ணூரை அடுத்த எர்ணாவூரிற் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பப் பெண்கள் பலர் சிறுநீரகம் விற்ற செய்தி 2007இன் தொடக்கத்தில் வெளிவந்தது.

சென்னையிற் சிறுநீரகம் விற்ற 305 பேரை நேரிற் கண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்று 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. ஏன் விற்றீர்கள் என்ற வினாவுக்கு நூற்றுக்கு 96 பேர் கூறிய விடை ஒன்றே: கடன் அடைக்க. சராசரியாக அவர்கள் பெற்ற தொகை 1,070 டொலர். விற்ற பின்னர் குடும்ப வருமானம் சராசரி மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்திருந்தது. விற்றோருள் நாலில் மூவர் ஆய்வு நடந்த வேளையிலும் கடனாளிகளாகவே இருந்தனர். உடல்நிலை சீர்கெட்டதாக நூற்றுக்கு 86 பேர் கூறினர். மற்றவர்களை விற்கும்படி பரிந்துரைக்க மாட்டோம் என்றனர் 79 பேர். இப்புள்ளிவிவரங்களை நாம் அடுக்குவது கண்ணீர் வரவழைப்பதற்கன்று. ஒப்பந்தத்தால் இரு தரப்பினரும் நன்மையடைவர் என்ற வாதம், விற்பவன் கடனிலிருந்து மீள்வான் என்ற எதிர்பார்ப்பின் மேல் எழுந்தது. அந்த எதிர்பார்ப்புத்தான் இங்கு பொய்த்துள்ளது.

‘ஹார்வெஸ்ற்’ நாடகத்திலே கடன்காரன் இல்லை. அதுவே அதன் பிழை என்கிறோம். ஓம் வேலையின்மையால் உந்தப்பட்டு, பொருள்களின் கவர்ச்சியால் ஈர்க்கப்பட்டுத் தன்னை விற்கின்றான். வீடு நிறையக் கருவிகள் குவிகின்றன. வில்லிவாக்கத்துப் பெண்ணின் வீட்டில் எக்கருவியும் குவியவில்லை. அவள் பெற்ற பணம் அவள் கையைத் தொட்டு வட்டிக்காரனின் கைக்குச் சென்றது. வாங்குவோரை நாடகாசிரியர் கடல் கடந்த வெள்ளையராக மாத்திரம் காட்டியதும் இதனோடு தொடர்புடைய குறையே. வெளிநாட்டார் பலர் வந்தனர் என்பது உண்மை. ஆயின் சென்னையிலும் பம்பாயிலும் வறியோரின் சிறுநீரகத்தை வாங்கியோருள் அந்நாட்டு மத்தியதர வகுப்பாரும் மேல்வகுப்பாரும் இருந்தனர். தரகன் அவ்வூரான், சத்திரசிகிச்சை செய்தவர் அந்நாட்டவர், கடன் கொடுத்தவன் அதே தெருவில் வாழ்பவன். நாடகத்தில் இவர்கள் அனைவருக்கும் பிரதிநிதிகளாக வரும் காவலர் மூவரும் பெயரற்ற ஏவலாளராகவே நின்றுவிடுகின்றனர். வர்க்க முரண்பாடு நாடுகளின் முரண்பாடாக உருமாற்றப்பட்டுவிடுகின்றது. இதனால் இந்திய மத்தியதரப் பார்வையாளன் நாடகத்தைக் கண்டு, வேர்ஜில் என்னும் அமெரிக்கனை வெறுத்துவிட்டு, தன் வீட்டுச் சமையற்காரியைப் பற்றிச் சற்றேனும் சிந்தியாமல் உறங்கச் செல்லக்கூடும். ஏதென்ஸின் நடுவர்களுக்கு இக்குறை தென்படாதிருந்தமையில் வியப்பில்லை.

கடன்காரனை ஏன் இவ்வளவு வற்புறுத்துகின்றோம் எனில், முன்னர் கூறிய றிச்சட்ஸின் வாதத்துக்கு விடை அவனிடத்திலேயே உண்டு. இந்தியாவிற் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் லோறன்ஸ் கோஹன் 1999இல் வெளியிட்ட கட்டுரையிலே ஒரு முக்கியமான அவதானிப்பைச் செய்தார். சிறுநீரகம் விற்பது வழக்கமாகிவிட்ட பகுதிகளில், கடன் கொடுப்போர் அதனைக் கணக்கிற் கொள்ளத் தொடங்கிவிடுகின்றனர் என்பதே அது. முன்பெல்லாம் நகை, பாத்திரம், வீட்டுத் தாள் என்பனவே ஈடு. அவை தீர்ந்தவனுக்குக் கடன் கிடைப்பதரிது. கிடைத்தாலும் கடன்காரன் ஓரெல்லைக்கு மேல் நெருக்குவதிற் பயனில்லை என்று விட்டுவிடுவான். சிறுநீரகத்துக்கு விலையுண்டு என்று ஆனவுடன் எல்லை நகர்கின்றது. ஒன்றுமில்லாதவனிடமும் ஒன்று இருக்கின்றது! அப்போது நெருக்குதல் கூடுகின்றது, தவணை குறுகுகின்றது, “அடுத்த வீட்டுக்காரி கொடுத்தாளே, உனக்கென்ன?” என்ற கேள்வி பிறக்கின்றது. விற்கவே விரும்பாத பெண்ணும் இப்போது விற்கக்கூடியவளாகவே கணிக்கப்படுகின்றாள். ஆகவே வறியவனுக்கு ஏற்கனவே இருந்த வழிகளோடு இன்னுமொரு வழி சேர்க்கப்படுகின்றது என்ற கணக்குத் தவறானது. புதிய வழி திறந்தவுடன் பழைய வழிகள் ஒடுங்கிவிடுகின்றன. மெய்யியலாளர் தனியொரு மனிதனைத் தனியொரு நாளில் வைத்து நோக்கினர். தெரு முழுவதையும் பத்தாண்டுகளையும் சேர்த்து நோக்கியிருப்பின் வேறு முடிவுக்கு வந்திருத்தல் கூடும்.

உடலைக் கடனுக்கு ஈடாக்கும் எண்ணம் புதியதன்று. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தை மொழிபெயர்ப்பிலேனும் அறியாத மாணவர் எம்மிடையே சிலரே. யூதர் மீது அக்காலத்திலிருந்த காழ்ப்பு அதிற் கலந்திருப்பது ஒருபுறமிருக்க, ஓர் இறாத்தல் தசையை ஈடாக எழுதிக்கொள்ளும் ஷைலொக்கின் பத்திரம் சட்டப்படி செல்லுபடியானதே என்று நீதிமன்றமே ஏற்கின்றது என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். அன்ரோனியோவைக் காப்பாற்றியது அறமன்று. தசை உண்டு, இரத்தம் இல்லை என்ற சொற்சாதுரியம். அத்துடன் அன்ரோனியோ ஒரு பெருவணிகன். அவனுக்காக வேடம் புனைந்து வாதாட ஒரு போர்ஷியா இருந்தாள். எமது நாட்டுத் தோட்டத் தொழிலாளருக்கோ அத்தகைய வாய்ப்பிருக்கவில்லை. கங்காணியிடம் பெற்ற முற்பணம் ஒரு ‘துண்டில்’ எழுதப்பட்டு, அக்கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கு ஆள்களும் கடனோடு கைமாறினர். 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை கடன் உடலைப் பின்தொடர்ந்தது. இன்று கடன் உடலுக்குள்ளேயே புகுந்துவிட்டது.

இவ்விடத்தில் எமது மாணவர் சிலர் கேட்கக் கூடிய வினாவொன்றை எதிர்கொள்ளவேண்டும். சுரங்கத் தொழிலாளி நுரையீரலை விற்கின்றான். கொழுந்து பறிப்பவள் முதுகெலும்பை விற்கின்றாள். தொழிலாளியின் உடல் சிறிது சிறிதாக விற்கப்படுவதை அனுமதிக்கும் சமுதாயம், ஒரே முறையில் விற்பதை மாத்திரம் ஏன் தடுக்கவேண்டும்? கேள்வி நியாயமானது, கூலியுழைப்பைப் புனிதமாக்கிவிட்டு உறுப்பு விற்பனையை மட்டும் பாவம் என்போர் இதற்கு விடையளிக்க முடியாது. ஆயினும் வேறுபாடு உண்டு. உழைப்புச் சக்தி உண்டு உறங்கி மீண்டும் உண்டாவது. அதனைக் குறிப்பிட்ட காலத்துக்கே தொழிலாளி விற்கின்றான். காலவரையறையின்றி விற்பானாயின் அவன் தொழிலாளியல்லன், அடிமை என்பதை மார்க்ஸ் தெளிவுபடுத்தியுள்ளார். நாளையும் விற்க இருக்கின்றமையாலேயே இன்று விற்க மறுக்க அவனால் இயலும். வேலை நிறுத்தத்தின் வலிமை அதுவே. சிறுநீரகம் விற்பவனோ ஒரு முறையே விற்கின்றான். விற்ற பின் நிறுத்தி வைப்பதற்கு அவனிடம் யாதுமில்லை. ஒருவரையொருவர் அறியாது, வெவ்வேறு நாளில், வெவ்வேறு வைத்தியசாலையில், தனித்தனியே விற்போருக்குத் தொழிற்சங்கம் ஏது? விலையைத் தீர்மானிப்பதிலும் அவர்களுக்குப் பங்கில்லை. 1988 முதல் அரசின் மேற்பார்வையிற் பணம் கொடுத்துச் சிறுநீரகம் பெறும் முறையைக் கொண்டிருக்கும் ஈரானை இவ்விவாதத்தில் எடுத்துக்காட்டுவோர் பலர். தரகனை ஒழுங்குமுறை அகற்றலாம். விற்றவனின் தனிமையை அது அகற்றுமாறில்லை.

நோயாளியின் பக்கத்தை மறந்து பேசுவதும் முறையன்று. இறந்துகொண்டிருப்பவரிடம் சென்று வர்க்கப் பகுப்பாய்வு கூறுவது கொடுமை. ஆனால் எந்த நோயாளி? எமது நாட்டின் வடமத்திய மாகாணத்திலே, மெதவச்சி, பதவியா முதலிய இடங்களில், 1990கள் முதல் காரணம் தெளிவாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் நெல் விவசாயிகளை வாட்டி வருகின்றது. வயலில் உழைத்து நோயுற்ற அம்மனிதர் சந்தையிற் சென்று சிறுநீரகம் வாங்கவல்லவரா? உறுப்புச் சந்தை உயிரைக் காக்கின்றது என்பது பாதி உண்மையே. காக்கப்படும் உயிர்களைப் பணப்பை தெரிந்தெடுக்கின்றது. பதவியா விவசாயியைப் பொறுத்தவரை, அவர் விற்பவராகச் சந்தைக்குள் நுழைந்திருக்கலாம். வாங்குபவராக ஒருபோதும் நுழையப் போவதில்லை.

விலையின்றி உறுப்புக்கள் கிடையா என்று சோர்வடைய வேண்டியதுமில்லை. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண் தானச் சங்கம், இறந்தோரின் கண்களை விலையின்றிப் பெற்று இந்நாட்டவர்க்கு மாத்திரமன்றி, வேறு பல நாட்டவர்க்கும் பார்வை அளித்து வந்துள்ளது. எமது இரத்த வங்கிகள் 2014 முதல் முற்றிலும் பணம் பெறாத தொண்டர்களின் இரத்தத்தைக் கொண்டே இயங்குகின்றன. இரத்தத்தை விலைக்கு வாங்கிய அமெரிக்காவையும் தானமாகப் பெற்ற பிரித்தானியாவையும் 1970இல் ஒப்பிட்டு நூல் எழுதிய றிச்சட் ரிற்மஸ், விலை நுழைந்த இடத்தில் கொடுக்கும் மனம் பின்வாங்குகின்றது என்று வாதிட்டார். பொதுச் சுகாதார சேவையில் நம்பிக்கை வேரூன்றிய நாடுகளிலேயே முன்பின் அறியாதவனுக்குக் கொடுக்கும் வழக்கம் நிலைக்கும் என்பதும் அவர் நூலின் உட்கிடை. தமிழ்நாட்டிலும் அரசு 2008இல் மூளைச்சாவடைந்தோரின் உறுப்புக்களைப் பெற்றுப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. மூளைச்சாவடைந்தோர் கடனாளியாயினும் அவரை எவரும் நெருக்க முடியாது என்பது அத்தகைய திட்டத்தின் சிறப்புக்களுள் ஒன்று. எனினும் அவருடைய உறுப்பு பொது வைத்தியசாலைக்குச் செல்கின்றதா தனியார் வைத்தியசாலைக்குச் செல்கின்றதா என்ற கேள்வியை விடாது கேட்கவேண்டும்.

‘தானம்’ என்ற சொல்லைக் குறித்தும் தமிழ் ஆசிரியர் என்ற முறையிற் சில கூறவேண்டியுள்ளது. உறுப்பு விற்பனைக்குத் துணைபோவோரும் விற்பவரைக் ‘கொடையாளர்’ என்றே அழைக்கின்றனர். புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசிலிட்ட சிபியை முன்னோனாகக் கொண்டு சோழரைப் புறநானூற்றுப் புலவர் பாடினர். கண்ணப்பர் தம் கண்ணை இடந்து அப்பினார். இக்கதைகளை உறுப்பு வழங்கும் மேடைகளில் இன்று தாராளமாக எடுத்தாளுகின்றனர். ஆயின் சிபியின் கதையிற் கொடுப்பவன் அரசன். பெறுவது அடைக்கலம் புகுந்த சிறு பறவை. வலியவனிடமிருந்து எளியதை நோக்கிச் செல்கின்றது அக்கொடை. சென்னையிலே திசை தலைகீழாகின்றது. புறா தன் தசையை அரிந்து அரசனுக்குக் கொடுத்துவிட்டு, மீதிக் கடனுக்கு வட்டி கட்டுகின்றது! இதற்குச் சிபியின் பெயரைச் சூட்டுவது இலக்கியத்துக்குச் செய்யும் அவமதிப்பாகும்.

சொல்லின் இவ்வஞ்சகத்தை நன்கு உணர்ந்த பிறிதோர் எழுத்தாளர் கசுவோ இஷிகுரோ. உறுப்புக்களை எடுப்பதற்காகவே படியாக்கம் மூலம் உருவாக்கி வளர்க்கப்படும் இளைஞரைப் பற்றிய அவருடைய ‘நெவர் லெற் மீ கோ’ நாவலில் (2005) விற்பனையே இல்லை, பணம் கைமாறுவதில்லை. அங்கும் வெட்டி எடுத்தலுக்குப் பெயர் தானம்; இறத்தலுக்குப் பெயர் நிறைவுறுதல். அவ்விளைஞர் தப்பி ஓட முயல்வதில்லை என்று சிலர் குறை கூறினர். ஓடுவதற்குரிய சொல்லே அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை என்பது எமது விடை. ஆயினும் அந்நாவலின் சோகம் மென்மையானது. வாசகனை இரங்கவைத்து அமைதிப்படுத்திவிடும் இயல்பினது. ‘ஹார்வெஸ்ற்’ அத்துணை நயமானதன்று. சில உரையாடல்கள் கரடுமுரடானவை. மூன்றாம் அங்கத்தில் விஞ்ஞானப் புதுமைகள் மிகுந்து மூச்சுத் திணறவைக்கின்றன. இருந்தும் இரண்டில் ஒன்றை வகுப்பறைக்கு எடுத்துச் செல்லவேண்டுமாயின் நாம் நாடகத்தையே எடுத்துச் செல்வோம். அதிலே ஒருத்தி மறுக்கின்றாள்.

இந்நாட்டவராகிய நாம் இவற்றை அயல்நாட்டுக் கதையாக எண்ணியிருக்க முடியாது. 1987இன் 48ஆம் இலக்கச் சட்டம் இங்கும் உறுப்பு விற்பனையைத் தடைசெய்துள்ளது. அவ்வாறிருந்தும், இந்திய வறியோரைக் கொழும்புக்கு அழைத்துவந்து சிறுநீரகம் பெறும் வலையொன்றைத் தெலுங்கானா மாநிலப் பொலிசார் வெளிப்படுத்தியதைத் தொடர்ந்து, 2016 ஜனவரியிலே வெளிநாட்டவருக்குச் சிறுநீரகம் பொருத்துவதை எமது சுகாதார அமைச்சு இடைநிறுத்த நேர்ந்தது. இந்தியாவிலே சட்டம் இறுகியவுடன் வியாபாரம் பாக்குநீரிணையைக் கடந்துவிட்டது. 2022ஆம் ஆண்டின் இறுதியிலோ கொழும்பின் வறிய குடியிருப்புக்களைச் சேர்ந்தவர்களே முறைப்பாட்டுடன் முன்வந்தனர். பெருந்தொகை தருவதாகக் கூறிச் சிறுநீரகத்தைப் பெற்றுக்கொண்டு, பேசிய பணத்தைக் கொடுக்காது ஏமாற்றினர் என்பது முறைப்பாடு. நாட்டின் பொருளாதாரம் குலைந்து, அரிசியின் விலையும் மருந்தின் விலையும் ஏறிய அதே ஆண்டு அது. தரகனின் மோசடியைப் பற்றி எங்கும் பேசப்பட்டது. பேசிய பணம் முழுவதும் கொடுக்கப்பட்டிருந்தால் இச்செய்தியே வெளிவந்திராது என்பதை எண்ணும்போதே, வெளிவராதவற்றின் தொகை எம்மைத் திடுக்கிட வைக்கின்றது.

நாடகத்தின் இறுதிக்கு வருவோம். ஜின்னி என்ற அழகி உண்மையில் இல்லை. வேர்ஜில் என்னும் முதிய செல்வன் பூண்ட வேடமே அவள். ஜீத்துவின் உடலைத் தனதாக்கிக்கொண்டு, அதே உருவில் ஜயாவின் முன் தோன்றி, தன் குழந்தையை அவள் சுமக்கவேண்டும் என்கின்றான். அதற்கும் கருவி உண்டு. அவன் நேரில் வரவேண்டியதில்லை. ஓம் தானே கம்பனியைத் தேடிப் போய்விட்டான். தாய் பெட்டிக்குள் இருக்கின்றாள். தனித்து நிற்கும் ஜயா, கடலைக் கடந்து, தன் உடலோடு, நோய்க்கும் அழுக்குக்கும் அஞ்சாது நேரில் வந்தாலன்றி இணங்கேன் என்கின்றாள். பலவந்தஞ் செய்தால் தன்னைத் தானே மாய்த்துக்கொள்வேன் என்கின்றாள். தற்கொலையை ஆயுதமாக்கும் இம்முடிவைத் தோல்வி மனப்பான்மை என்று குறைகூறும் முற்போக்காளர் இருக்கக்கூடும். எமக்கும் தயக்கம் உண்டு. ஆயினும் சற்று முன் நாம் கூறியதை நினைவுகூர்க. உறுப்பு விற்பவன் நிறுத்தி வைப்பதற்கு யாதும் இல்லாதவன். ஜயா இன்னும் எதனையும் விற்கவில்லை; ஆகவே அவளால் நிறுத்தி வைக்க முடிகின்றது. ஒருத்தி தனித்து நடத்தும் வேலை நிறுத்தம் அது. தனித்து நடத்தப்படும் வேலை நிறுத்தங்களின் பலவீனம் அதற்கும் உண்டு.

அந்நிலையிலும் அவள் அவனுக்கு இன்னுமொரு நிபந்தனை விதிக்கின்றாள்: தன் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகவேண்டும். வேர்ஜிலின் நாவில் அவள் பெயர் இறுதிவரை சிதைந்தே ஒலிக்கின்றது. இந்நாடகத்தைத் தமிழிலே தயாரிக்க எண்ணும் எமது பாடசாலை, பல்கலைக்கழக நண்பர்களுக்கு இவ்விடத்தில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ் எழுத்தில் அத்திரிபைக் காட்டுவது கடினம்; நடிகரின் நாவையே நம்பவேண்டும். பாத்திரப் பட்டியலிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆசிரியர் பாத்திரங்களைக் கொடுப்போர் என்றும் பெறுவோர் என்றும் வகுத்துள்ளார். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குள்ளேயே ஏளனம் ஒளிந்திருக்கின்றது. தமிழில் ‘கொடையாளர்’ என்று போட்டால் ஏளனம் மறைந்து, விளம்பரப் பலகையின் குரல் ஒலித்துவிடும். ‘விற்போர்’ என்று போட்டால் ஆசிரியரின் நையாண்டி கெடும். ஓமின் குடும்பத்தைப் பட்டியலில் வெறுமனே பெயர்களாக நிறுத்திவிட்டு, ‘கொடையாளர்’ என்ற சொல்லைக் கம்பனிக் காவலரின் வாயில் மாத்திரம் வைப்பது பொருத்தமாயிருக்கும் என்று நாம் எண்ணுகின்றோம்.